கூட்டலா, கழித்தலா?
வீட்டு அலமாரியில் உறங்கும் டி.வி.டி. தகடுகள் பற்றி ஒரு விளக்கம்



நம் இல்லங்கள் பலவற்றில், அலமாரியின் மேல்தட்டிலோ பழைய பிஸ்கட் டின்னிலோ, பளபளக்கும் வட்டத் தகடுகள் சில கிடக்கின்றன. 'மூத்தவள் நிக்காஹ்', 'வாப்பா ஹஜ்ஜுக்குப் புறப்பட்டது', 'துபாய் – 2006' என்று அவற்றின் மீது பேனாவால் எழுதப்பட்டிருக்கும். அவற்றுள் இருப்போரில் சிலர் இன்று நம்மிடையே இல்லை. அவர்களின் முகமும் குரலும் அசைவும் எஞ்சியிருப்பது அந்தத் தகட்டில் மட்டுமே என்ற நிலையும் பல குடும்பங்களில் உண்டு.

பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும் இத்தகடுகள் உண்மையில் ஒரே இனத்தவை அல்ல. தகட்டின் முகப்பிலோ நடுவளையத்தை ஒட்டியோ 'ஆர்', 'ஆர்டபிள்யூ', 'ராம்' என்னும் எழுத்துகளைக் காணலாம். முதல் இரண்டின் முன்னே ஒரு கூட்டல் குறியோ ஒரு சிறு கோடோ இருக்கும். அந்தக் கோட்டைக் கழித்தல் குறியாகவே மக்கள் படித்தனர். 'பிளஸ் வேண்டுமா, மைனஸ் வேண்டுமா?' என்று கடைக்காரர் கேட்பதும், வாங்க வந்தவர் விழிப்பதும் ஒரு காலத்தில் அன்றாடக் காட்சியாக இருந்தன.

இப்போது அந்தக் கேள்வியை எவரும் கேட்பதில்லை. கைப்பேசியே படம் பிடிக்கிறது, கைப்பேசியே காட்டுகிறது. எனினும் அக்குறியின் பொருள் தீர்ந்துவிடவில்லை. உங்கள் அலமாரியில் உள்ள தகட்டிலிருந்து படத்தை மீட்க முடியுமா, எந்தக் கருவியால் முடியும், எவ்வளவு காலத்துக்குள் அதைச் செய்தாக வேண்டும் என்பவற்றுக்கு விடை காண, அது எந்த இனத்தைச் சேர்ந்தது என்பதை முதலில் அறிய வேண்டும்.

நாடாவிலிருந்து தகட்டுக்கு

வீட்டிலேயே படம் பதியும் வசதி பரவலானது காந்த நாடாவால் ஆகும். 1975இல் ஸோனி நிறுவனம் பீட்டாமாக்ஸ் முறையையும், 1976இல் ஜே.வி.ஸி. நிறுவனம் வி.எச்.எஸ். முறையையும் கொண்டுவந்தன. ஒன்றின் காஸெட் மற்றதில் நுழையாது. போட்டியில் வி.எச்.எஸ். வென்றது. பீட்டாமாக்ஸ் வாங்கியோர் நாளடைவில் படமும் கிடைக்காமல், பழுது பார்ப்பாரும் இல்லாமல் தவித்தனர்.

தொண்ணூறுகளில் நாடாவுக்குப் பதிலாகத் தகடு என்ற நிலை உருவானபோது, அதே பகை மீண்டும் தலைதூக்கியது. ஸோனியும் பிலிப்ஸும் ஒருபுறம். தோஷிபா, மட்ஸுஷிடா, டைம் வார்னர் முதலியவை மறுபுறம். ஐ.பி.எம். தலைமையில் கணினி நிறுவனங்கள் இரு அணிகளையும் நெருக்கின. 'ஒரே முறைக்கு வாருங்கள். இரண்டை நாங்கள் ஏற்கமாட்டோம்' என்பது அவர்களின் நிலைப்பாடு. 1995இல் உடன்பாடு பிறந்தது. 1996 நவம்பரில் ஜப்பானில் டி.வி.டி. விற்பனைக்கு வந்தது. 12 செ.மீ. விட்டமுடைய தகட்டின் ஒரு பக்கத்தில், ஒரே அடுக்கில் 4.7 ஜி.பி. கொள்ளளவு. ஒரு முழுத் திரைப்படம் அதில் அடங்கியது.

ஆனால் அந்த ஒற்றுமை, ஆலையில் படம் அச்சிட்டு விற்கப்படும் தகட்டோடு நின்றுவிட்டது. வெறும் தகட்டை வாங்கி வீட்டிலேயே பதிவு செய்வது எப்படி என்ற கேள்வி எழுந்ததும், முன்பு கைகுலுக்கியவர்கள் மீண்டும் பிரிந்தனர்.

பதிவு எவ்வாறு நிகழ்கிறது?

இங்கு ஓர் அடிப்படை வேறுபாட்டை மனத்தில் கொள்வது நலம். ஆலைத் தகட்டில் படச்செய்தி நுண்ணிய குழிகளாக வார்க்கப்பட்டிருக்கும். அதை அழிக்கவும் இயலாது. அது எளிதில் மங்குவதும் இல்லை.

'ஆர்' வகைத் தகட்டில் குழிகள் இல்லை. அங்கே ஒரு சாயப் படலம் பூசப்பட்டிருக்கும். பதிவுக் கருவியின் லேஸர் ஒளி அச்சாயத்தைப் புள்ளி புள்ளியாகச் சுட்டு மாற்றுகிறது. சுட்டது சுட்டதுதான், ஒருமுறை எழுதினால் திருத்த முடியாது.

'ஆர்டபிள்யூ', 'ராம்' வகைகளில் சாயத்துக்குப் பதில் ஒருவகைக் கலப்பு உலோகப் படலம் உள்ளது. லேஸரின் வெப்பத்தைக் கூட்டியும் குறைத்தும் அதைப் படிக நிலைக்கும் படிகமற்ற நிலைக்கும் மாற்றி மாற்றிக் கொண்டுவரலாம். எனவே எழுதி, அழித்து, மீண்டும் எழுதலாம்.

ஐந்து வகைகள்

முதலில் வந்தது டி.வி.டி. மைனஸ் ஆர். 1997இல் பயனியர் நிறுவனம் இதனைக் கொண்டுவந்தது. அன்று அதன் கொள்ளளவு 3.95 ஜி.பி.; பிறகே 4.7 ஆயிற்று. தொடக்கத்தில் இதை எழுதும் கருவியின் விலை பத்தாயிரம் அமெரிக்க டாலருக்கும் மேல் இருந்தமையால், படத் தொழிலில் ஈடுபட்டோர் மட்டுமே வாங்கினர். 2001இல் அது ஆயிரம் டாலருக்குக் கீழே இறங்கியது. அதே ஆண்டு ஆப்பிள் நிறுவனம் தன் கணினியிலேயே அந்தக் கருவியைப் பொருத்தி விற்கவே, சாதாரண மக்களின் கைக்கும் இது எட்டியது.

இரண்டாவது டி.வி.டி. ராம். மட்ஸுஷிடா (பானஸோனிக்), ஹிட்டாச்சி, தோஷிபா ஆகியோர் ஆதரவில் 1998இல் வந்தது. தொடக்கத்தில் ஒரு பக்கத்துக்கு 2.6 ஜி.பி.; பின்னர் 4.7. தூசும் கைரேகையும் படாதபடி பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தே பல தகடுகள் விற்கப்பட்டன. மற்ற வகைகளை ஏறத்தாழ 1,000 முறை அழித்தெழுதலாம் என்றால், இதனை 1,00,000 முறை எழுதலாம் என்று வகுத்திருந்தனர். ஒரு நிகழ்ச்சி பதிவாகிக்கொண்டிருக்கும்போதே அதன் தொடக்கத்திலிருந்து பார்க்கும் வசதியும் இதில் இருந்தது. தன்மையில் இது கணினியின் ஹார்டு டிஸ்கைப் போன்றது. குறை ஒன்றே, ஆனால் பெரிய குறை. மற்ற நிறுவனங்களின் டி.வி.டி. பிளேயர்களில் பெரும்பாலானவை இதைப் படிக்கவே மறுத்தன.

மூன்றாவது டி.வி.டி. மைனஸ் ஆர்டபிள்யூ. 1999 இறுதியில் ஜப்பானில் பயனியர் இதனைப் பயன்படுத்தும் வீட்டுப் பதிவுக் கருவியை விற்பனைக்கு வைத்தது. இதில் பதிவு செய்ய இரு வழிகள் உண்டு. 'வீடியோ' முறையில் பதிந்து முடித்து வைத்தால் பிற பிளேயர்களில் ஓடும். 'வி.ஆர்.' முறையில் பதிந்தால் இடையில் வேண்டாத காட்சிகளை வெட்டலாம், முன்பின்னாக மாற்றலாம். ஆனால் சாதாரண பிளேயரில் ஓடாது.

நான்காவதாகப் புறப்பட்டது டி.வி.டி. பிளஸ் ஆர்டபிள்யூ. டி.வி.டி. மன்றத்தை நிறுவிய பத்து நிறுவனங்களுள் ஸோனியும் பிலிப்ஸும் அடங்கும். அவ்விருவரே ஹியூலட் பேக்கார்டு, ரிக்கோ, யமஹா, மிட்ஸுபிஷி ஆகியோருடன் கூடி 1997இல் தனி அணி அமைத்தனர். அவர்கள் அறிவித்த முதல் வடிவம் கைவிடப்பட்டு, 4.7 ஜி.பி. வடிவம் 2001இல்தான் கடைக்கு வந்தது. டி.வி.டி. மன்றம் இதனை அங்கீகரிக்கவில்லை. எனவே அம்மன்றத்தின் முத்திரையும் இத்தகடுகளில் இராது. பழைய பிளேயர்களோடு ஒத்துப்போகும் வகையிலேயே எழுதுவது இதன் சிறப்பு. தனியாக முடித்து வைக்காமலேயே பல பிளேயர்களில் இது ஓடியது.

ஐந்தாவது டி.வி.டி. பிளஸ் ஆர். 2002இல் வந்தது. கூட்டல் அணியின் ஒருமுறை மட்டும் எழுதும் தகடு இது. 2001இல் ஆர்டபிள்யூ கருவியை ஆவலோடு வாங்கியவர்கள், ஓராண்டுக்குள் வந்த இந்த மலிவான தகட்டைத் தங்கள் கருவி எழுதாது என்று அறிந்து கொதித்தனர். புதுப்பொருளை முந்திக்கொண்டு வாங்குவோர் அடிக்கடி செலுத்தும் அபராதம் இது.

வேற்றுமை எங்கே இருந்தது?

கூட்டலுக்கும் கழித்தலுக்கும் இடையே படத்தின் தெளிவில் வேறுபாடு உண்டா? இல்லை. இரண்டும் ஒரே கொள்ளளவு. இரண்டிலும் 'எம்பெக் 2' என்னும் ஒரே முறையில்தான் படம் சுருக்கப்படுகிறது. படத்தின் தரத்தைத் தீர்மானித்தது பதியும் வேகமே. ஒரே 4.7 ஜி.பி. தகட்டில் மிக உயர்ந்த தரத்தில் 1 மணி நேரமும், நடுத்தரத்தில் 2 மணி நேரமும், தாழ்ந்த தரத்தில் 4 அல்லது 6 மணி நேரமும் பதியலாம். 'ஒரே தகட்டில் முழுக் கல்யாணத்தையும் அடக்கிவிட்டேன்' என்று மகிழ்ந்தவர்கள் வீட்டில், மணமகளின் முகம் கட்டம் கட்டமாக உடைந்து தெரிவதற்குக் காரணம் இதுவே. அதற்குக் கூட்டலும் கழித்தலும் பொறுப்பல்ல.

வேறுபாடு தகட்டின் தடத்தில் இருந்தது. வெறும் தகட்டிலும் சுருள்வட்டமாக ஒரு பள்ளத் தடம் உண்டு. 'நான் இப்போது எந்த இடத்தில் இருக்கிறேன்' என்பதை லேஸர் அதைக் கொண்டே அறிகிறது. கழித்தல் அணியினர் தடங்களுக்கு இடையில் சிறு குழிகளை அடையாளக் கற்களாக வைத்தனர். கூட்டல் அணியினர் தடத்தையே மிக நெருக்கமாக நெளியச் செய்து, அந்த நெளிவுக்குள் இட எண்ணைப் பொதிந்தனர். பாதியில் நிறுத்தி, நிறுத்திய இடத்திலிருந்தே துல்லியமாகத் தொடர்வது இதனால் எளிதாயிற்று. பொறியாளருக்கு இது சுவையான செய்தி. நம் வரவேற்பறையில் அமர்ந்து படம் பார்ப்பவருக்கு இதனால் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் ஏதுமில்லை.

மாறாக, வீட்டாரை அலைக்கழித்தது இன்னொன்று. மீண்டும் எழுதும் தகடுகள் லேஸர் ஒளியைக் குறைவாகவே திருப்பி அனுப்புகின்றன. பழைய பிளேயர்கள் சில இதனை இரண்டு அடுக்குகள் கொண்ட ஆலைத் தகடு என்று தவறாகக் கருதிக் குழம்பின. ஒருமுறை எழுதும் தகடுகள் அதிக ஒளியைத் திருப்பியதால் பெரும்பாலான பிளேயர்களில் ஓடின. இரு அணியிலும் 'ஆர்' வகையே மிகுதியாகப் பரவியதற்கு மலிவு விலையோடு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

போட்டி முடிந்த விதம்

பீட்டாமாக்ஸ் காலத்தைப் போல ஓர் அணி மற்றதை வீழ்த்தியதாக இந்தக் கதை முடியவில்லை. கூட்டல் அணியின் தூணாகிய ஸோனியே 2002இல் கூட்டல், கழித்தல் இரண்டையும் எழுதும் கணினிக் கருவியை வெளியிட்டது. மற்றவர்களும் பின்தொடர்ந்தனர். சில ஆண்டுகளில் 'ராம்' உட்பட அனைத்தையும் எழுதும் கருவிகள் மலிவாகக் கிடைத்தன. 2004இல் இரண்டு அடுக்குகளில் 8.5 ஜி.பி. கொள்ளும் கூட்டல் தகடு வந்தது; 2005இல் கழித்தல் அணியும் அதைச் செய்தது. இரு கட்சியாரும் ஒரே வீட்டில் குடியேறிவிட்டனர்.

இவ்வளவு ஆண்டுப் பூசலுக்குப் பின் உலகம் தகட்டையே விட்டு நகர்ந்தது. 2016 ஜூலையில் ஃபுனாய் நிறுவனம் வி.எச்.எஸ். கருவி தயாரிப்பை நிறுத்தியது. 2025 பிப்ரவரியில் ஸோனி, டி.வி.டி.க்கு அடுத்த தலைமுறையான புளூ-ரே வெறும் தகடுகளின் தயாரிப்பையும் நிறுத்திக்கொண்டது. இன்று வாங்கும் மடிக்கணினிகளில் தகடு நுழையும் வாயிலையே காண்பது அரிது. தகடு கெடுவதற்கு முன்பே அதைப் படிக்கும் கருவி மறைந்துவிடக்கூடும் என்பதே நாம் கவனிக்க வேண்டிய அபாயம்.

முடித்து வைக்கப்படாத தகடு

வாசகர்கள் தனிக் கவனம் செலுத்த வேண்டிய பகுதி இது.

வீட்டுப் பதிவுக் கருவியிலோ கேமராவிலோ 'ஆர்' வகைத் தகட்டில் பதிந்த பின், 'ஃபைனலைஸ்' என்னும் கட்டளையைக் கொடுத்துத் தகட்டை முடித்து வைக்க வேண்டும். அப்போதுதான் உள்ளடக்கப் பட்டியல் தகட்டில் எழுதப்படும். அது எழுதப்படாவிட்டால் படம் முழுவதும் உள்ளே இருந்தும், பிற கருவிகளின் கண்ணுக்குத் தகடு வெறுமையாகவே தோன்றும். அட்டவணையும் பக்க எண்ணும் இல்லாத நூலைப் போன்றது அது.

வெளிநாட்டிலிருந்து நம்மவர்கள் கொண்டுவந்த கேமராக்களில் 8 செ.மீ. அளவுள்ள சிறு தகடுகள் இருந்தன அல்லவா? 1.4 ஜி.பி. கொள்ளளவு, நடுத்தரத்தில் ஏறத்தாழ அரை மணி நேரம் பதியும். அவற்றில் பல முடித்து வைக்கப்படாமலே பெட்டிக்குள் போயின. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், உம்மாவின் கடைசிப் பெருநாள் அத்தகைய தகடு ஒன்றில் இருந்தது. கேமராவைப் பழைய பொருளோடு விற்றுவிட்டார்கள். கணினியில் இட்டபோது 'தகடு காலியாக உள்ளது, ஃபார்மட் செய்யவா?' என்று கேட்டது. வீட்டுப் பையன் 'சரி' என்று அழுத்தப் போன நேரத்தில் மூத்த மகள் கையைப் பிடித்து நிறுத்தினாள். பிறகு உறவினர் ஒருவரிடம் அதே வகைக் கேமராவை இரவல் வாங்கி, அதில் இட்டு முடித்து வைத்தார்கள். அன்றிரவு உம்மாவின் சிரிப்பை அனைவரும் கேட்டார்கள்.

எனவே, கணினி 'காலி' என்று சொல்வதை உடனே நம்பிவிடாதீர்கள். எழுதப்பட்ட பகுதி எழுதப்படாத பகுதியைவிடச் சற்று வேறு நிறமாக இருக்கும். தகட்டின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் நடுவிலிருந்து வெளிநோக்கி அந்த வளையம் தெரியும்.

தகட்டின் ஆயுள்

அமெரிக்க அரசின் தர நிர்ணய, தொழில்நுட்பக் கழகம் 2003இல் வெளியிட்ட கையேடு ஒன்றில், தயாரிப்பாளர்களின் மதிப்பீடாகச் சில காலக்கெடுக்கள் தரப்பட்டுள்ளன. நல்ல முறையில் வைத்திருந்தால் 'ஆர்' வகை 100 முதல் 200 ஆண்டுகள் வரையிலும், 'ஆர்டபிள்யூ', 'ராம்' வகைகள் 25 ஆண்டுகளோ அதற்கு மேலோ நிலைக்கும் என்பது அது. ஆனால் 'நல்ல முறை' என்பதற்கு அக்கையேடு தரும் விளக்கம் யாது? வெப்பம் 20 பாகை செல்சியஸுக்குக் கீழ். காற்றின் ஈரப்பதம் 20 முதல் 50 விழுக்காடு. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நாகூரிலும் கடற்காற்று வீசும் வீடுகளில் இந்த நிலை எங்கே கிடைக்கும்? சாயப் படலத்துக்கு வெயிலும் வெப்பமும் பகை. உலோகப் படலத்துக்கு ஈரம் பகை. மலிவுத் தகடுகளின் தரமோ ஒன்றுக்கொன்று மிகவும் மாறுபட்டது. ஆகவே நூறாண்டுக் கணக்கை நம்பி இருந்துவிட வேண்டாம்.

செய்ய வேண்டியவை

1. முதலில் எல்லாத் தகடுகளையும் ஒரு விரிப்பில் பரப்பி இனம் பிரியுங்கள். 'ஆர்', 'ஆர்டபிள்யூ', 'ராம்', சிறு தகடு என்று தனித்தனியாக வையுங்கள். அச்சிட்ட காகிதம் ஒட்டியவற்றை உரிக்க முயல வேண்டாம். மேல்படலம் சேர்ந்து உரிந்துவிடும்.

2. முதலிடம் எதற்கு? மறைந்த பெரியோர் இருக்கும் தகடு, வேறு பிரதியே இல்லாத தகடு, முடித்து வைக்கப்படாத தகடு ஆகிய மூன்றுக்கும். சந்தையில் எளிதில் கிடைக்கும் திரைப்படத் தகடுகள் கடைசியில் காத்திருக்கட்டும்.

3. கணினியில் யு.எஸ்.பி. வழியாகப் பொருத்தும் டி.வி.டி. டிரைவ் இன்றும் கிடைக்கிறது. ஒரு குடும்பத்தில் ஒருவர் வாங்கினால் உறவினர் அனைவரும் முறைவைத்துப் பயன்படுத்தலாம். 'ராம்' தகடு இருப்போர், அவ்வகையையும் படிக்கும் டிரைவ்தானா என்று கேட்டு வாங்க வேண்டும். உறைக்குள் இருக்கும் 'ராம்' தகட்டை உறையிலிருந்து எடுத்துத்தான் இட முடியும். எல்லா உறைகளும் திறக்கும் வகையின அல்ல என்பதையும் கவனியுங்கள். சிறு தகடுகளைத் தட்டு வெளிவரும் டிரைவிலேயே இடுங்கள். கீறல் போன்ற வாயில் வழியே இழுத்துக்கொள்ளும் கருவியில் அவை சிக்கிக்கொள்ளும்.

4. சாதாரணத் தகட்டைத் திறந்தால் 'வீடியோ டி.எஸ்.' என்னும் உறையும், அதனுள் 'வி.ஓ.பி.' என முடியும் கோப்புகளும் இருக்கும். 'ராம்' தகட்டிலும், 'வி.ஆர்.' முறையில் பதிந்த ஆர்டபிள்யூ தகட்டிலும் 'வி.ஆர்.ஓ.' என முடியும் கோப்பு இருக்கும். அவற்றைச் சுருக்காமல் அப்படியே முழுமையாகப் பிரதி எடுங்கள். 'வி.எல்.சி.' என்னும் இலவச மென்பொருளில் அவற்றை ஓட்டிப் பார்க்கலாம். கைப்பேசிக்கேற்பச் சுருக்கிய பிரதியைப் பிறகு தனியாக உண்டாக்கிக்கொள்ளலாம்.

5. முடித்து வைக்கப்படாத தகட்டுக்கு, பதிந்த அதே கருவியே முதல் மருந்து. அது இல்லையேல் அதே நிறுவனத்தின் ஒத்த மாதிரி. அதுவும் இல்லையேல், அத்தகைய தகடுகளைத் துழாவிப் படிக்கவல்ல 'ஐஸோபஸ்டர்' போன்ற மென்பொருள் உண்டு. எந்நிலையிலும் 'ஃபார்மட்' செய்யவோ புதிதாக எழுதவோ இசையாதீர்கள்.

6. தகடு அழுக்கடைந்திருந்தால் மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைக்க வேண்டாம். துடைத்த பின் நிமிர்த்தி வைக்கும் உறையில், வெயில் படாத உலர்ந்த இடத்தில் வையுங்கள்.

7. பிரதி ஒன்றோடு நிற்காதீர்கள். ஹார்டு டிஸ்க் ஒன்றில் ஒன்று. வேறு ஊரில் வாழும் மகனிடமோ மகளிடமோ மற்றொன்று. கோப்பின் பெயரிலேயே யார், எங்கே, எந்த ஆண்டு என்று எழுதிவிடுங்கள். படத்தில் இருப்போரை இனம் காட்டவல்ல முதியோர் நம்மோடு இருக்கும்போதே இதைச் செய்வது நலம்.

நிறைவாக

கூட்டலா கழித்தலா என்று நிறுவனங்கள் ஐந்தாறு ஆண்டுகள் மோதின. அந்த வழக்கு தீர்ந்து நெடுநாளாகிறது. வென்றவரும் இல்லை, தோற்றவரும் இல்லை. நமக்கு எஞ்சியிருப்பது அந்தப் போட்டியின்போது பதிந்த சில மணி நேரப் படங்கள் மட்டுமே. இம்மாத விடுமுறை நாள் ஒன்றில் பிள்ளைகளையும் துணைக்கு அழைத்து அந்தப் பிஸ்கட் டின்னைத் திறவுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு தகடு என்று தொடங்கினாலும், பெருநாள் வருவதற்குள் பெரும்பகுதி முடிந்துவிடும். அந்தப் பெருநாளன்று குடும்பத்தார் அனைவரும் கூடியிருக்கும்போது, மீட்ட படங்களில் ஒன்றை ஓடவிடுங்கள்.